மேற்குப் பாறைப் பாம்பு தனி இனமா

பிப்ரவரி 3

அக்கா,

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பாறைக் குவாரியின் மீதுள்ள தடையை நீக்கச் சொல்லி நிறுவனம் போட்ட மனு மார்ச் 28 அன்று விசாரணைக்கு வருகிறது. சொன்னவர் தீர்ப்பாய அலுவலக எழுத்தர். தேதியை அறிவிப்புப் பலகையில் நானும் பார்த்துவிட்டேன். நிறுவனம் வக்கீலை மாற்றியிருக்கிறது. புது வக்கீலோடு ஒரு பாம்பு நிபுணரும் வருகிறாராம். அவர்கள் குறி உன் சாட்சியம்தான்.

இரண்டு வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை. காரணம் தெரியும். உன் ஆய்வுக் கட்டுரை அச்சில் வருவதற்கு முன்பே எங்கள் பேப்பரின் முதல் பக்கத்தில் ‘புதிய மலைப்பாம்பு இனம்: உறுதி’ என்று போட்டேன். ‘உறுதி’ நீ சொன்ன சொல் அல்ல, நான் வைத்தது. ஆனால் அந்தத் தலைப்பு வந்த பிறகுதான் தடையும் வந்தது என்பதை நீயும் மறுக்க மாட்டாய். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பாம்பு வாழும் பாறையை உடைக்கக் கூடாது. தடை ஆணையின் சாரம் அவ்வளவுதான்.

தடைக்கு முந்தைய வாரம் வெடியில் பறந்த கல் எங்கள் முன்னறைக் கூரையைத் துளைத்துக்கொண்டு தையல் மெஷின் மேல் விழுந்தது. பால் பொங்கியதால் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போயிருந்தாள். கூரையை மாற்றியாகிவிட்டது. அவள் இன்னும் அந்த அறையில் உட்காருவதில்லை. பகலில்கூட வேகமாகக் கடந்துபோகிறாள்.

ஒரு உதவி. அந்தப் பாம்பு ஏன் தனி இனம் என்று ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்பு. விசாரணைக்கு முந்தைய ஞாயிறு போடுகிறேன். எழுதியே அனுப்பு. போனில் பேசினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

தம்பி

*

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நீ கேட்ட பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். பாதியில் நின்றுவிட்டது. நின்ற இடம் வரை சொல்கிறேன்.

கிழக்குப் பாறையில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த இனம். வளர்ந்த பெண் பாம்பு ஐந்து மீட்டர் வரை போகும். முக்கோணத் தலை, அதன் மேல் அம்பு முனை போன்ற பழுப்பு அடையாளம். உதட்டுச் செதில்களில் வரிசையாகக் குழிகள். இருட்டில் எலியின் உடல் சூட்டை அவை உணரும். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் நகம் போல ஒரு முள்; எப்போதோ இருந்த பின்னங்கால்களின் மிச்சம். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இந்தக் காலை நானும் அறிவேன், ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சிறிது. இதில் எதுவும் இரண்டு பாறைகளுக்கும் வேறுபடாது.

வேறுபடுவது நெற்றி. கிழக்குப் பாம்பின் நெற்றியில் அகலமான தகடுகள் ஜோடி ஜோடியாக, தரையில் கல் பதித்த மாதிரி ஒழுங்காக இருக்கும். மேற்குப் பாம்புக்கு அதே இடத்தில் தகடுகள் பொடிப்பொடியாக உடைந்திருக்கும். கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்புத் திட்டும் மேற்கில் ஒடுக்கம்தான். ஆனால் திட்டு பாம்புக்குப் பாம்பு மாறும், அதை நம்பி இனம் பிரிக்க முடியாது. நெற்றித் தகடுகளை நம்பித்தான் பிரித்தேன். மேற்குப் பாறையிலிருந்து என்னிடம் இருந்தவை இருபத்திரண்டு. பத்தொன்பதில் தகடு உடைந்திருந்தது.

அந்த நிபுணர் என்னென்ன கேட்பார் என்று யோசித்து, அருங்காட்சியகத்தில் ஜாடிகளை மறுபடி இறக்கிப் பார்த்தேன். இருபத்திரண்டில் பதினான்கு குட்டிகள். நெற்றியை மட்டுமே பார்த்துப் பழகியவள் இந்த முறை வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். பதினான்கிலும் தொப்புள் மூடவில்லை. பொரிந்த அன்றே செத்தவை. ஒரே நாளில் பதினான்கு குட்டிகளை யாரும் பாறையில் பிடித்திருக்க முடியாது. யாரோ முட்டைகளை எடுத்துவந்து வீட்டில் பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

ஜாடியில் ஒட்டிய சீட்டில் ‘மேற்குப் பாறை’ என்றுதான் இருக்கிறது. அதில் தவறில்லை. முட்டை எங்கே பொரிந்திருந்தாலும், எடுத்த இடத்தைத்தான் சீட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். அந்த வழக்கம் தெரிந்த நானே அதைப் ‘பாறையில் பிடிபட்டவை’ என்று படித்துவிட்டேன்.

இந்தக் குட்டிகள் இருந்த கேனைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் நீ. உனக்குக் கொடுத்தது யார்? எங்கே பொரிந்தன? விசாரித்து எழுது. எதையும் அச்சில் போடாதே. இந்த முறையாவது.

அக்கா

*

பிப்ரவரி 15

அக்கா,

கேனைக் கொடுத்தவர் எங்கள் தெருமுனை பேக்கரிக்காரர். நேற்று மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“முட்டைங்களா? நம்ம கடையிலதான் சார் பொரிஞ்சுது. வெடி வெச்சப்ப பாறை பொளந்து வெளிய கெடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. அடுப்புக்கு மேல பலகை இருக்குல்ல, மாவு பொங்க வெப்போமே, அங்க வெச்சேன்.”

“சூடு எவ்வளவு இருக்கும்?”

“மாவுக்கு எவ்வளவோ அவ்வளவு. நடுவுல ரெண்டு மூணு வாரம் பெரிய ஆர்டர். அடுப்பு அணையவே இல்ல. அப்ப கொஞ்சம் கூடத்தான் இருந்துருக்கும். நாலு முட்டை அழுகிப் போச்சு. மத்ததெல்லாம் ஜம்முனு வெளிய வந்துச்சு. கல்லாவுல இருந்த பொண்ணு அன்னிக்கே வேலைய விட்டுட்டுப் போயிருச்சு, அது வேற கதை.”

“குட்டிங்க எப்படிச் செத்துச்சு?”

“எறும்புக்கு மருந்து அடிச்சிருந்தேன் சார். நெனச்சே பாக்கல. சரி, உங்கக்காவுக்காவது ஆகட்டும்னு கேன்ல போட்டுக் குடுத்தேன். ஏன் சார், அவங்க ஏதும் கோவிச்சுக்கிட்டாங்களா?”

அன்றைக்கு நான் அவரிடம் “எங்க கெடச்சுது?” என்று கேட்டேன். “மேற்குப் பாறையில” என்றார். அவரும் பொய் சொல்லவில்லை, நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

நீ கேட்டதை விசாரித்துவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள். ரொட்டி அடுப்புக்கும் பாம்பின் நெற்றிக்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியாது. உன் எழுத்தைப் பார்த்தால் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. நிபுணர் கேட்டால் சொல். கேட்காவிட்டால் நீயாகப் போய் ஏன் சொல்ல வேண்டும்? பாம்பும் சாகாமல் கம்பும் உடையாமல் இந்த ஒரு விசாரணையைத் தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்துகொள். பாறை அங்கேயே இருக்கும். வெடித்துவிட்டால் இருக்காது.

தம்பி

*

பிப்ரவரி 20

தம்பிக்கு,

தொடர்பு இருக்கிறது. முட்டைக்குள் தலை உருவாகும் வாரங்களில் சூடு அளவுக்கு மீறினால் நெற்றித் தகடுகள் சேராமல் உடைந்து நிற்கும். வேறு பாம்புகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். உன் பேக்கரிக்காரர் சொன்ன இரண்டு மூன்று வாரம் போதும்.

ஆக, அந்தப் பதினான்கையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவது எட்டு. உண்மையாகவே பாறையில் வளர்ந்தவை. அவற்றில் ஐந்துக்குத் தகடு உடைந்திருக்கிறது, மூன்றுக்கு முழுசாக இருக்கிறது. தனி இனம் இல்லை என்று இதனால் ஆகிவிடாது. தனி இனம் என்று நான் நிரூபிக்கவில்லை என்றுதான் ஆகும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை உன் தலைப்புகள் எப்போதும் ஒரே தாண்டாகத் தாண்டிவிடும்.

நேற்று தீர்ப்பாயத்துக்கு எழுதிவிட்டேன். இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் நகல் போயிருக்கிறது. கட்டுரை வந்த இதழுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

பாம்பும் சாகாமல் கம்பும் உடையாமல் என்கிறாய். இங்கே கம்பு நான்தான். சத்தியம் செய்து சாட்சி சொன்னவள் நான். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு அந்தக் கூண்டில் மறுபடி ஏற என்னால் முடியாது.

உன் வீட்டுக் கூரையை நான் மறக்கவில்லை. நம்புவாயோ மாட்டாயோ, கடிதத்தை அனுப்பும் முன் அதைத்தான் நினைத்தேன்.

அக்கா

*

பிப்ரவரி 23

அக்கா,

நேற்றுக் காலை ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காபிக் கடையில் நான் இருப்பது தெரிந்தே ஒருவர் சொன்னார்: “ரிப்போர்ட்டரோட அக்காவே எழுதிக் குடுத்துட்டாங்களாம். இனி என்ன, காதுல பஞ்சை வெச்சுக்க வேண்டியதுதான்.” குவாரி வாசலில் மூன்று லாரிகள் வந்து நிற்கின்றன. வேலை தொடங்கவில்லை. நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “உங்கக்கா நேர்மையா இருக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா அவங்க நேர்மைக்கு நம்ம கூரையை எதுக்குக் குடுக்கணும்? அவங்க கூரை மேலயா கல்லு விழப்போகுது?”

 இதற்கு உனக்குப் பதில் வந்தால் எழுது. வராவிட்டால் எழுதாதே.

*

மார்ச் 3

அக்கா,

நீ எழுதவில்லை. நானும் எழுதுவதாக இல்லை. ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

மேற்குப் பாறையில் ஒரு பெண் பாம்பு முட்டையிட்டு அடைகாக்கிறது. நேற்று மாலை டார்ச் அடித்து நானே பார்த்தேன். பாறை இடுக்கில் ஆள் கை நீளம் உள்ளே, முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, மேலே தலையை வைத்திருக்கிறது. என் தொடையைவிடப் பருமன். வெளிச்சம் பட்டதும் தலை திரும்பியது. நாக்கு மட்டும் வந்து வந்து போனது.

முதலில் பார்த்தவர் குவாரியின் சர்வேயர். தடை நீங்கியதும் வெடிக்குத் துளை போடும் கோட்டைக் குறிக்கப் போனவர். அந்த இடுக்கு சரியாகக் கோட்டின் மேல் இருக்கிறது. எனக்குச் சொன்னது குவாரி மேனேஜரே. “ரிப்போர்ட்டர் சார், உங்க மகாராணி பிரசவமாயிட்டா, வந்து பாருங்க. நாளைக்குக் காணோம்னா எங்களைத்தான சொல்வீங்க?” என்று சிரித்தார். திரும்பி வரும்போது சிரிக்காமல் சொன்னார்: “எனக்கும் மேல ஆளு இருக்காங்க. எல்லாருமே என்னை மாதிரின்னு நெனச்சுறாதீங்க. சீக்கிரம் ஏதாச்சும் செய்ங்க.”

அது மிரட்டலா எச்சரிக்கையா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு கேன் பெட்ரோல் போதும், அக்கா. யாரும் பார்க்கப்போவதில்லை. பேக்கரிக்காரரும் நானும் முறை போட்டு அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இது எத்தனை நாள் முடியும்? என்ன செய்யட்டும்?

தம்பி

*

மார்ச் 5

தம்பிக்கு,

கூரியர் பையனை நிற்க வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முட்டைகளை நீயாகத் தொடாதே. பேக்கரிக்காரர் தொடவே கூடாது.

இந்த முட்டைகளால் கேள்விக்குப் பதில் கிடைக்கும். பாதியைத் தாயிடமே விட வேண்டும். பாதியை எடுத்து, கிழக்குப் பாம்பின் முட்டைகள் பொரிகிற அதே மிதமான சூட்டில், சூடு ஏறாத பெட்டியில் வைக்க வேண்டும். அதிலும் குட்டிகளின் நெற்றித் தகடு உடைந்தே வந்தால் அது அடுப்பின் வேலை அல்ல, இரத்தத்தில் இருப்பது. நான் சொன்னது நிற்கும். முழுத் தகடோடு வந்தால், மேற்குப் பாறையில் இருப்பது கிழக்குப் பாம்புதான். வெயிலில் காயும் பாறையில் பொரிந்த கிழக்குப் பாம்பு. அப்போது நான் தோற்றேன் என்று நானே எழுதிக் கொடுப்பேன்.

இன்று காலையே தீர்ப்பாயத்துக்கு அவசர மனு போய்விட்டது. முட்டைகளை எடுப்பது இரண்டு தரப்புக்கும் பொதுவான மிருக வைத்தியராக இருக்க வேண்டும், இரண்டு தரப்பு ஆட்களும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நான் வர முடியாது. சாட்சி சொல்லி முடிக்கும்வரை நான் பாறைக்குப் போகக் கூடாது. நீ நில். எல்லாவற்றையும் பார்.

வைத்தியரிடம் சொல்: ஒவ்வொரு முட்டைக்கும் மேல் பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்ட பிறகே எடுக்க வேண்டும். புரண்டால் உள்ளே கரு செத்துவிடும். இடுக்குக்குள் ஒரு வெப்பமானியை விட்டு வைக்கட்டும். பாம்புக்கு விஷம் இல்லை, ஆனால் பற்கள் தொண்டையைப் பார்த்து உள்நோக்கி வளைந்தவை. யாரையாவது கவ்வினால் கையை இழுக்கக் கூடாது. இழுத்தால் சதை கிழியும்.

உன் மனைவி கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

எடுத்தாகிவிட்டது. மொத்தம் இருபத்தாறு. பதின்மூன்று தாயிடம், பதின்மூன்று வைத்தியரின் பெட்டியில்.

தீர்ப்பாயத்தின் அனுமதி நேற்று முன்தினம் வந்தது. இன்று காலை வைத்தியர், அவருடைய உதவியாளர், தீர்ப்பாய அலுவலர், குவாரி மேனேஜர், அவர்கள் தரப்பு நிபுணர், நான். நிபுணரை வில்லன் என்று நினைத்திருந்தேன். முழங்கால் வலிக்காரர், பாறையில் ஏற நான்தான் கை கொடுத்தேன். முட்டைகளைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். “உங்கக்கா செஞ்சது பெரிய காரியம்” என்றார். “ஆனா விசாரணையில நான் விட்டுக் குடுக்க மாட்டேன்” என்றும் சொன்னார்.

ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டு, கொக்கியால் உடம்பை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வைத்தியர் பென்சிலால் கோடு போட்டு, ஒட்டியதை ஈர நூலால் அறுத்து, ஒவ்வொன்றாக வெளியே நீட்டினார்.  மேனேஜர்கூட செல்போனை அணைத்துவிட்டார். டார்ச் என் கையில். ஒன்பதாவதையோ பத்தாவதையோ வாங்கும்போது சாக்கு நழுவியது.

பாம்பு வந்ததை நான் பார்க்கவில்லை. முழங்கையில் ஒரு அறை விழுந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். குனிந்தால் கையில் தலை இருக்கிறது. நீ சொன்ன நெற்றி, ஒரு சாண் தூரத்தில். உடைந்த தகடுகள், பொடிப்பொடியாக. வைத்தியர் மெதுவாக, “இழுக்காதீங்க. சத்தம் போடாதீங்க. அவளே விடுவா” என்றார். இழுக்கவில்லை. என் இன்னொரு கையில் முட்டை இருந்தது, அதையும் புரட்டவில்லை. மேனேஜர் குனிந்து, இரண்டு கையாலும் அந்த முட்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். 

கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள். இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாளைய பேப்பரில் முதல் பக்கத்தில் என் பெயரோடு திருத்தம் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் தலைப்பு வந்த அதே இடம், அதே அளவு எழுத்து. ‘மேற்குப் பாறைப் பாம்பு தனி இனமா? இன்னும் உறுதியில்லை’. ஆசிரியர், “இப்படி ஒரு தலைப்பைப் பாத்துட்டு யாருப்பா பேப்பர் வாங்குவான்?” என்றார். ஆனாலும் போட்டார்.

தம்பி

*

ஏப்ரல் 2

அக்கா,

விசாரணை முடிந்து நீ ரயிலேறிப் போன பிறகு எழுதுகிறேன். வராந்தாவில் ஐந்தடி தூரத்தில் நின்றும் நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ என் கைத் தையலைப் பார்த்தாய், நீ பார்ப்பதை நான் பார்த்தேன்.

மே 31 வரை தடையை நீட்டியது நமக்கு வெற்றி என்று ஊரில் சொல்கிறார்கள். நான் வைத்தியரிடம் பேசினேன். தாயின் முட்டைகள் அதற்குள் பொரிந்துவிடும். பெட்டியில் இருப்பவை மிதமான சூட்டில் இருப்பதால் தாமதமாகும், ஜூன் முதல் வாரம்கூட ஆகலாம் என்கிறார். தடை முடிந்த மறுநாள் காலை அவர்கள் துளை போடலாம். உன் பதில் ஒரு வாரம் பிந்தி வந்து என்ன பயன்?

சூட்டை ஒரே ஒரு டிகிரி ஏற்றினால் நேரத்துக்கு வந்துவிடுமாம். நீ கடிதம் கொடுத்தால் ஏற்றுகிறேன் என்கிறார். நான் உன்னிடம் பொய் கேட்கவில்லை. ஒரு டிகிரி கேட்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 8

தம்பிக்கு,

ஏற்ற மாட்டேன். அந்த ஒரு டிகிரியில் தகடு உடைந்தால், எதனால் உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. பேக்கரி அடுப்புக்குப் பதிலாக என் அடுப்பு, அவ்வளவுதான். கை கிழிந்தும் நீ புரட்டாத முட்டையை நான் புரட்டியதாக ஆகும்.

நிலவரம் இதுதான். இடுக்கில் இருக்கும் வெப்பமானி பகலில் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே காட்டுகிறது என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். பாறைச் சூடுதான் தகட்டை உடைக்கிறது என்ற வாதம் இதனால் பலவீனமாகும்; இது எனக்குச் சாதகம். ஆனால் இன்னும் கோடையின் உச்சம் வரவில்லை. தாயின் முட்டைகள் மே 18 வாக்கில் பொரியும். பெட்டி முட்டைகள் மே 28க்கும் ஜூன் 6க்கும் இடையில். தடையை இன்னும் பத்து நாள் நீட்டக் கேட்டு நேற்று மனு போட்டேன். எதிர்த்தரப்பு நிபுணரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கும் பதில் தெரிய வேண்டுமாம். நிறுவனம் எதிர்க்கிறது. மே 15 அன்று உத்தரவு சொல்கிறார்கள்.

மறுத்துவிட்டால் ஜூன் முதல் தேதி துளை போடுவார்கள், ஓரிரு நாளில் வெடி வைப்பார்கள். என் சாட்சியம் முடிந்துவிட்டதால் இனி எனக்குக் கட்டுப்பாடு இல்லை. அருங்காட்சியகத்தில் ஜூன் மாதம் முழுக்க விடுப்பு கேட்டிருக்கிறேன். மே 31 மாலை உன் ஊருக்கு வந்துவிடுவேன். வெடி வைக்கும் நாட்களில் உன் வீட்டு முன்னறையில் நான் இருந்துகொள்கிறேன், பகலும் இரவும். உன் மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இது ஒன்றுதான். கடைசிக் குட்டியின் நெற்றியைப் பார்க்கும்வரை இருப்பேன். தகடு முழுசாக இருந்தால், அதை அவளிடம் முதலில் சொல்லப்போவதும் நான்தான்.

அவளிடம் கேள். நீ சமாதானம் சொல்லி சம்மதம் வாங்காதே, அவள் சொல்வதை மட்டும் எழுது. வேண்டாம் என்றால் ஊரில் விடுதி பார்த்துக்கொள்வேன். மே 20க்குள் பதில் வந்தால் டிக்கெட் எடுக்க வசதியாக இருக்கும்.

அக்கா